பதிவு செய்தவர்கள்: தென்கொரிய இளம்பெண்களின் இணையப் போராட்டம்

தென்கொரியாவில் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் இடையே விழுந்துவிட்ட பிளவைப் பற்றி எழுதுகிற பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 2015ஆம் ஆண்டில் சில பெண்கள் இணையத்தில் கூடி ஆண்களை வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார்கள், அது இளைஞர்களைச் சீண்டியது, சீண்டப்பட்டவர்கள் திருப்பித் தாக்கினார்கள், பகை முற்றித் தேர்தல் களம் வரை வந்துவிட்டது என்பது அந்தக் கதை. இரு தரப்பிலும் தவறு உண்டு என்று சொல்லி முடித்துக்கொள்ள இது வசதியாக இருக்கிறது. ஆனால் நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. ஏச்சு 2015இல் பிறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, பெண்களைக் குறிவைத்துத் தொடங்கிவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கொரியப் பெண்களின் எதிர்வினையில் பதில் ஏச்சு என்பது குறுகிய காலமே ஓங்கியிருந்த ஓர் அத்தியாயம். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் விடாமல் செய்துவந்த வேலை, நடந்ததைத் தேதியோடும் இடத்தோடும் பதிவு செய்து, பொறுப்பாளியைச் சுட்டிக்காட்டிப் பொதுவில் வைப்பது. சட்டங்களை மாற்றியது அந்த வேலைதான்.

இந்தப் பழக்கத்துக்கு இணையத்தைவிட வயது கூடுதல். ராணுவ ஆட்சிக் காலத்தில், 1986இல், சியோலை அடுத்த புச்சோன் நகரக் காவல் நிலையத்தில் குவோன் இன்-சுக் என்ற இளம்பெண் விசாரணையின்போது பாலியல் சித்திரவதைக்கு ஆளானார். மாணவியாக இருந்து, தொழிலாளர்களை அணிதிரட்ட ஆலை வேலைக்குப் போனவர் அவர். நடந்ததை மறைக்காமல் புகாராகவே கொடுத்தார். புரட்சிக்குப் பாலியலைக் கருவியாக்குகிறார் என்று அரசுத் தரப்பு அவர்மீதே பழிபோட்டது. மக்களாட்சி மீண்ட பிறகுதான் அந்தக் காவலர் சிறைக்குப் போனார். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் தன் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் செய்தியாளர்கள்முன் வந்து, ஜப்பானியப் படை தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததைச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே தொடங்கிய புதன்கிழமைக் கூட்டம் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. 1993இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வக உதவியாளர் ஒருவர், பேராசிரியரின் சீண்டலை ஏற்காததால் வேலை போயிற்று என்று கைப்பட எழுதி வளாகச் சுவரில் ஒட்டினார். ராணுவ ஆட்சியில் செய்தித்தாள் எழுதாததையெல்லாம் எழுதியவை இத்தகைய கையெழுத்துச் சுவரொட்டிகள்தான் என்பதால் கொரிய மாணவர்களிடையே அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. அவர் தொடுத்த வழக்கே அந்நாட்டின் முதல் பாலியல் சீண்டல் வழக்கு. ஆறு ஆண்டு இழுத்து 1999இல் அது முடிந்தபோது, பணியிடச் சீண்டல் வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள்ளும் இடம்பெற்றிருந்தது. 2000 டிசம்பரில், முற்போக்கு இயக்கங்களுக்குள் நடந்த பாலியல் வன்முறைகளைத் திரட்டிய நூற்றுவர் குழு ஒன்று பதினாறு ஆண்களின் பெயர்களை இணையத்தில் வெளியிட்டது. சுவரொட்டி திரைக்கு இடம் மாறிய தருணம் அது. ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் அப்போது பிறக்கவே இல்லை.

அந்தப் பட்டியலுக்கு ஓர் ஆண்டு முன்னால், இணையத்தை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாம் என்பது தெரிந்திருந்தது. கொரியாவில் உடல்தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும் ராணுவச் சேவை கட்டாயம். அன்று தரைப்படையில் அது 26 மாதம். சேவை முடித்தவர்களுக்கு அரசுப் பணித் தேர்வில் 3 முதல் 5 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஒற்றை மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் தேர்வில் இது பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வாசலிலேயே நிறுத்தியது. சில பெண்களும் ஒரு மாற்றுத்திறனாளி இளைஞரும் வழக்குத் தொடுத்தார்கள். 1999 டிசம்பர் 23 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பெழுதிய ஒன்பது பேரும் ஆண்கள். அந்நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதி அமர்ந்தது 2003இல்தான். ஆனால் கோபம் நீதிபதிகளைத் தேடிப் போகவில்லை, வழக்குத் தொடுத்த இளைஞரையும் தேடிப் போகவில்லை. பெண் மனுதாரர்கள் படித்த ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தின் இணையதளமும் பெண்கள் அமைப்புகளின் பக்கங்களும் வசையாலும் மிரட்டலாலும் நிரம்பி வழிந்தன. சேவையைக் கட்டாயமாக்கியது அரசு. சிப்பாய்க்குச் சொற்பக் கூலி கொடுத்து, அதற்கு ஈடாக வேறொருவருடைய வேலைவாய்ப்பிலிருந்து மதிப்பெண்ணை எடுத்துக் கொடுத்ததும் அரசு. இருபத்திரண்டு வயதில் இரண்டு ஆண்டுகளை இழந்து திரும்பும் இளைஞனின் மனக்குறை நியாயமானது. அந்தக் குறையைக் கேட்கக் கடமைப்பட்ட இடம் ஒன்று இருக்க, கேட்க வழியற்ற இடத்தில் அது கொட்டப்பட்டது.

அடுத்த பத்து ஆண்டுகளில் இது அன்றாடப் பழக்கமாயிற்று. 2002இலேயே கொரியாவில் அதிவேக இணைய இணைப்புகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. உலகின் வேறெந்த நாட்டையும்விட வேகமாக வீடுகள் இணைக்கப்பட்டன. டிசி இன்சைட் போன்ற பெருந்தளங்களில் பெண்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. 2005இல் சுரங்க ரயிலில் தன் நாய் அசிங்கம் செய்ததைத் துடைக்க மறுத்த ஒரு பெண்ணின் படம் பரவி, அவருடைய அடையாளத்தைத் தேடி நாடே அலைந்தது. 2006இல் மலிவு உணவு சாப்பிட்டுவிட்டு விலையுயர்ந்த காப்பி குடிப்பவள் என்று கல்லூரிப் பெண்களைக் கேலி செய்ய ஒரு பெயர் வந்தது. பிறகு கிம்ச்சியின் பெயரைச் சேர்த்து, கொரியப் பெண்கள் அனைவரையும் பணத்தாசை பிடித்தவர்களாக ஒரே சொல்லில் அடைத்தார்கள். 2010இல் தனித்தளமாகப் பிரிந்த இல்பே இதையே முழுநேர வேலையாக்கியது. இவற்றுக்கு எதிராகப் பெண்கள் அமைப்புகள் அறிக்கை விட்டன, கருத்தரங்கு நடத்தின, தளங்களுக்கு மனு எழுதின. பணிவான மொழி வேண்டும் என்று இன்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்து ஆண்டுகள்தான் பதில்: பணிவான மொழி பேசப்பட்டது, யாரும் செவிகொடுக்கவில்லை. முகமறியாத் தன்மைதான் நோய் என்ற வாதமும் இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2007 முதல் பெரிய தளங்களில் உண்மைப் பெயரைச் சரிபார்த்த பிறகே எழுத முடியும் என்று சட்டம் வந்தது. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியபோது, சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. பெண்ணை இழிவாகப் பேசுவதற்குக் கொரிய ஆண் தன் முகத்தை மறைக்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

2015 ஜனவரியில் பெண்ணியவாதிகளை வெறுப்பதாக எழுதிவந்த ஒரு கொரியச் சிறுவன் ஐஎஸ் அமைப்பில் சேரத் துருக்கி வழியாகச் சிரியாவுக்குப் போனான். அதையொட்டி, ஐஎஸ்ஸைவிட மூளையற்ற பெண்ணியமே ஆபத்தானது என்று ஒரு பத்தியாளர் பத்திரிகையில் எழுதினார். நான் பெண்ணியவாதி என்று ட்விட்டரில் அறிவிக்கும் அலை பிப்ரவரியில் எழுந்தது அதற்குப் பதிலாகத்தான். மே மாதம் மெர்ஸ் தொற்று கொரியாவுக்குள் வந்தது. ஹாங்காங்கில் இரண்டு கொரியப் பெண்கள் தனிமைப்படுத்தலுக்கு மறுத்தார்கள் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, டிசி இன்சைட்டின் மெர்ஸ் பகுதியில் வழக்கமான ஏச்சு ஆரம்பித்தது. மொழி புரியாததால் வந்த குழப்பம் அது என்பது பிறகு தெரிந்தது. இம்முறை பெண்கள் கூட்டமாக உள்ளே வந்து, தங்களைப் பற்றி ஆண்கள் எழுதிவைத்திருந்த வாக்கியங்களை எடுத்து, பெண் என்ற இடத்தில் ஆண் என்று மட்டும் மாற்றிப் போட்டு அப்படியே திருப்பி எழுதினார்கள். கண்ணாடி காட்டுதல் என்று அதற்குப் பெயர். ஆணும் பெண்ணும் இடம் மாறிய ஓர் உலகத்தைப் பற்றி நார்வே எழுத்தாளர் கெர்ட் பிரான்டன்பெர்க் 1977இல் எழுதிய நாவலின் தலைப்பையும் மெர்ஸையும் சேர்த்து, மெகாலியா என்ற பெயரில் ஆகஸ்டில் தனித்தளம் தொடங்கினார்கள். தளங்கள் நடந்துகொண்ட விதம் அவர்கள் சொல்லவந்ததை மெய்ப்பித்தது. ஆண்களைக் கிம்ச்சியின் பெயரால் ஏசுவதற்கு டிசி இன்சைட்டில் உடனே தடை வந்தது; பெண்களை ஏசும் மூலச்சொல் பல ஆண்டுகளாகத் தடையின்றி உலவிக்கொண்டிருந்தது. ஃபேஸ்புக்கில் மெகாலியாவின் பக்கங்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்டன, பெண்களை இழிவுசெய்யும் பக்கம் நிலைத்திருந்தது.

கண்ணாடி காட்டியதால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை என்று நான் வாதிட மாட்டேன். ஒருவரை இழிவுபடுத்தும் மொழி, எந்த நோக்கத்தோடு பேசினாலும் பேசுகிறவரைப் பழக்கப்படுத்திவிடுகிறது. 2015 இறுதியில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களை இழிசொல்லால் குறிப்பதும், அவர்களைக் காட்டிக்கொடுப்பதும் சரியா என்ற சண்டையில் மெகாலியா உடைந்தது. அதை விட்டுப் பிரிந்தவர்கள் தொடங்கிய வோமாட் தளம் ஆண் என்ற ஒற்றைக் காரணத்துக்காக யாரையும் ஏசியது. அங்கே நோயாளிக்கும் முதியவருக்கும் விலக்கு இருக்கவில்லை. 2020இல் திருநங்கை ஒருவர் சூக்மியோங் மகளிர் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றபோது, மாணவியர் பலரின் எதிர்ப்புக்கு அஞ்சி அவரே விலகிக்கொண்டார். சமத்துவம் கேட்டுக் கிளம்பிய ஒரு தலைமுறையின் வரலாற்றில் இவை வெட்கப்பட வேண்டிய பக்கங்கள். ஆனாலும் இரு தரப்பையும் சமமாக நிறுத்துவதை ஏற்க முடியாது. ஆண்களின் வசை பதினைந்து ஆண்டுகள் நிறுவனங்களின் கண்முன்னே, அவற்றின் விளம்பர வருமானத்துக்கு உரமாக வளர்ந்தது. பெண்களின் வசை ஓங்கியிருந்தது ஒரு கோடைகாலமும் அதைத் தொடர்ந்த சில மாதங்களும்தான். அது ஓய்ந்த பிறகு அதில் பங்கெடுத்தவர்களில் பலர் எங்கே போனார்கள் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

அவர்கள் போன முதல் இடம் சோராநெட். 1999இல் தொடங்கப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு நடந்துவந்த ஆபாசத் தளம் அது. பெண்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படங்களும், நினைவிழந்து கிடக்கும் காதலியையோ மனைவியையோ வல்லுறவு செய்ய மற்றவர்களை அழைக்கும் பதிவுகளும் அதில் வெளிப்படையாக வந்தன. வழங்கி வெளிநாட்டில் இருக்கிறது, ஒன்றும் செய்ய இயலாது என்பது காவல்துறையின் பல்லாண்டுப் பதில். 2015 இலையுதிர் காலத்தில் மெகாலியாவிலிருந்து வந்த பெண்கள் முறைவைத்து இரவுகளில் அந்தத் தளத்தைக் கண்காணித்தார்கள். திரைப்பதிவு எடுத்தார்கள், நேரத்தைக் குறித்தார்கள், காவல்துறைக்கு அழைத்தார்கள், அழைப்புக்குக் கிடைத்த பதிலையும் குறித்துவைத்தார்கள். அந்தக் குவியல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜின் சன்-மியின் கைக்குப் போயிற்று. நவம்பரில் அவர் தேசியக் காவல் தலைவரை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியும் அதை எடுத்துக்கொண்டது. 2016 ஏப்ரலில் நெதர்லாந்துக் காவல்துறையோடு சேர்ந்து அங்கிருந்த வழங்கி மூடப்பட்டது. பதினேழு ஆண்டுகள் முடியாது என்றிருந்தது சில மாதங்களில் முடிந்தது. தொழில்நுட்பமோ சட்டமோ இடையில் மாறவில்லை. பெயர் தெரியாத சில இளம்பெண்கள் உறக்கம் கெட்டுச் சேர்த்த சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கொரியப் பெண்ணியத்தின் அண்மை வரலாற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இந்தச் செயல்தான். வசைச் சொற்களைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை.

சோராநெட் மூடப்பட்ட அடுத்த மாதம், 2016 மே 17 நள்ளிரவுக்குப் பின், சியோலின் காங்நம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கட்டடத்தின் பொதுக் கழிவறையில் 23 வயதுப் பெண் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் 34 வயது ஆண். அவனுக்கு அவரைத் தெரியாது. அவன் காத்திருந்த நேரத்தில் ஆறு ஆண்கள் கழிவறைக்கு வந்துபோனார்கள். அவர்களை விட்டுவிட்டு, முதலில் வந்த பெண்ணைக் கொன்றான். பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தான். மனநோயாளியின் செயல், வெறுப்புக் குற்றம் ஆகாது என்று காவல்துறை சில நாள்களில் அறிவித்தது. நிலையத்தின் பத்தாம் எண் வாயிலில் ஒட்டுத்தாள்கள் சேரத் தொடங்கின. தான் இன்று உயிரோடிருப்பது தற்செயல் மட்டுமே என்று முன்பின் அறியாத பெண்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். மழை வந்து நனைப்பதற்குள் அவை சேகரித்துப் பாதுகாக்கப்பட்டன. கியோங்யாங் நாளிதழ் ஆயிரத்து நான்கு தாள்களை ஒவ்வொன்றாக எழுதியெடுத்து வெளியிட்டது. பல்கலைக்கழகச் சுவரில் 1993இல் ஒட்டப்பட்ட தாளின் வாரிசுகள் இவை. திரைக்குப் போயிருந்த எழுத்து மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. அன்றுமுதல் கொரிய இளம்பெண்கள் இரண்டையும் சேர்த்தே கையாண்டார்கள். 2018 ஏப்ரலில் சியோலின் யோங்ஹ்வா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அது இன்னும் இளையவர்களிடம் போனது. பழைய மாணவியர் இணையத்தில் கேட்டுத் திரட்டிய வாக்குமூலங்களுக்கு ஆதரவாக, படித்துக்கொண்டிருந்த மாணவியர் வகுப்பறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுத்தாள்களாலேயே மீ டூ என்று எழுதினார்கள். சீண்டிய ஆசிரியருக்கு 2021இல் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஜன்னலைப் பார்த்து நாடெங்கும் பள்ளிகளில் மாணவியர் பேசத் தொடங்கினார்கள்.

இவை எல்லாம் ஹாலிவுட்டிலிருந்து இறக்குமதியான மீ டூ அலை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 2016 அக்டோபரில், அமெரிக்க அலைக்கு ஓர் ஆண்டு முன்பே, கொரிய இலக்கிய உலகத்தின் பாலியல் வன்முறையைப் பற்றி ட்விட்டரில் இளம் எழுத்தாளர்களும் மாணவியரும் பெயர் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதியது அமெரிக்கப் பெண்களுக்கு இல்லாத ஓர் ஆபத்தைச் சுமந்துகொண்டு. கொரியக் குற்றவியல் சட்டத்தில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். பொதுநலனுக்காகவே சொன்னேன் என்று நிறுவினால்தான் தப்பிக்கலாம். 2021இல்கூட அரசியலமைப்பு நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது. விசாரணையில்லாமல் பெயரைக் கெடுக்கிறார்கள், பொய்ப் புகாருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அது எந்த நாட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் உண்மைக்கே சிறை என்றிருக்கும் நாட்டில் எழுதுகிற பெண், போகிற போக்கில் எழுதிவிட முடியாது. தேதி, குறுஞ்செய்தி, உடனிருந்தவர் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைத்த பிறகே வாய்திறக்கிறாள். 2018 ஜனவரி 29 அன்று அரசு வழக்கறிஞர் சோ ஜி-ஹியோன் தொலைக்காட்சிச் செய்தியில் நேரலையாகத் தோன்றியபோது, தான் சீண்டப்பட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

மறைகேமராக்களுக்கு எதிரான போராட்டம் இந்தப் பழக்கத்தின் உச்சம். கைப்பேசியில் படமெடுத்தால் சத்தம் வரவேண்டும் என்று 2004லேயே விதி செய்த நாடு அது. ஆனாலும் கழிவறைத் துளைகளிலும் விடுதி அறைகளிலும் கேமராக்கள் பொருத்தப்பட்டன; திருட்டுத்தனமாகப் படமெடுத்ததாகப் பதிவான குற்றங்கள் 2012இல் சுமார் 2,400 என்றிருந்து 2017இல் 6,400ஐத் தாண்டின. 2018 மேயில், ஹோங்கிக் பல்கலைக்கழக ஓவிய வகுப்பில் நிர்வாணமாக நின்ற ஆண் மாதிரியைப் படமெடுத்து வோமாட்டில் வெளியிட்ட பெண் சில நாள்களிலேயே கைது செய்யப்பட்டார். அவர் செய்தது குற்றம். பத்து மாதச் சிறை நியாயம். பெண்கள் கேட்டது, அந்த வேகம் எங்களுக்கு ஏன் இல்லை என்பதைத்தான். மே 19 அன்று ஹேஹ்வா நிலையத்துக்கு வெளியே பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். டிசம்பர் வரை ஆறு கூட்டங்கள் நடந்தன. கொரிய வரலாற்றில் பெண்கள் மட்டுமே கூடிய மிகப் பெரிய போராட்டங்கள் அவை. அமைப்பும் தலைவரும் இன்றி, இணையத்தில் பேசி முடிவெடுத்து நடத்தினார்கள். சியோல் மாநகராட்சி ஏறக்குறைய இருபதாயிரம் பொதுக் கழிவறைகளை நாள்தோறும் சோதிப்பதாக அறிவித்தது, ஆண்டு முடிவதற்குள் தண்டனையும் கூடியது. 2019 ஜூலையில் இதழியல் மாணவியர் இருவர், ஒரு கட்டுரைப் போட்டிக்காகத் தேடப் போய், டெலிகிராம் அறைகளில் சிறுமிகளும் பெண்களும் மிரட்டப்பட்டு அடிமைகளாக நடத்தப்படுவதைக் கண்டார்கள். போட்டிக் கட்டுரையோடு அதை விட்டுவிடாமல் மாதக்கணக்கில் உள்ளேயிருந்து பதிவு செய்து காவல்துறைக்குக் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் முக்கியக் குற்றவாளி சோ ஜு-பின் கைதானான்; அவன் முகத்தைக் காட்டக் கோரிய மனுவில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவனுக்கு 42 ஆண்டுச் சிறை உறுதியானது. திருட்டுத்தனமாக எடுத்த படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம் என்று 2020 மே மாதம் சட்டம் திருத்தப்பட்டது, பாலியல் சம்மத வயது 13லிருந்து 16 ஆயிற்று.

இதன் விலையாகத்தானே பின்னடைவு வந்தது என்பது வலுவான ஆட்சேபம். 2021இல் ஒரு கடைச் சங்கிலியின் விளம்பரப் படத்தில் விரல்கள் கிள்ளுவதுபோல் இருப்பது மெகாலியாவின் சின்னம் என்று இளைஞர்கள் கொதித்தார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்வித்தை வீராங்கனை ஆன் சான், முடியைக் கட்டையாக வெட்டியிருந்ததால் பெண்ணியவாதி என்று ஏசப்பட்டார். 2022 ஜனவரியில், பாலினச் சமத்துவ அமைச்சகத்தைக் கலைப்பேன் என்று யூன் சுக்-யோல் ஒற்றை வரியை ஃபேஸ்புக்கில் போட்டார், மார்ச்சில் 0.73 விழுக்காட்டு வித்தியாசத்தில் அதிபரானார். வாக்குச்சாவடிக் கணிப்பின்படி இருபதுகளில் உள்ள ஆண்களில் 58.7 விழுக்காட்டினர் அவருக்கும், அதே வயதுப் பெண்களில் 58 விழுக்காட்டினர் எதிர்வேட்பாளருக்கும் வாக்களித்தார்கள். ஆனால் பெண்கள் மென்மையாகப் பேசியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆன் சான் யாரையும் ஏசவில்லை, அம்பெய்தார். வீடு வாங்க முடியாத, நிலையான வேலை கிடைக்காத, பதினெட்டு மாதம் முகாமில் கழித்துத் திரும்பும் இளைஞனின் தவிப்பு உண்மை. அதே வீட்டு வாடகையையும் அதே வேலைச் சந்தையையும் எதிர்கொள்ளும் பெண்ணுக்கு, ஆண்களைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைவான ஊதியம் கிடைப்பதும் உண்மை. வளர்ந்த நாடுகளின் பட்டியலில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. அந்த இளைஞனுக்கு ஊதியத்தையும் வீட்டையும் தர முடியாத அரசியல், அவனுக்குக் குறிபார்க்க ஒரு பெண்ணைக் காட்டியது. 1999இல் செய்ததும் இதுவேதான். அமைச்சகமும் கலைக்கப்படவில்லை. 2024 டிசம்பரில் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்துத் தோற்ற பிறகு, அவரை நீக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு வெளியே குளிரில் நின்றவர்களில் மிகப் பெரிய பிரிவினர், பாட்டுக் கச்சேரி விளக்குக் கோல்களோடு வந்த இருபதுகளில் உள்ள பெண்கள்.

குற்றங்கள் நின்றுவிடவில்லை. 2024இல் பள்ளித் தோழியரின், ஆசிரியைகளின், சொந்தச் சகோதரிகளின் முகத்தை ஆபாசப் படங்களில் ஒட்டிப் பரப்பும் டெலிகிராம் குழுக்கள் நாடெங்கும் வெளிப்பட்டன. பிடிபட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பதின்பருவத்தினர். சட்டத்தால் ஒரு தலைமுறைப் பையன்களை வளர்த்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பள்ளியில் பையன்களிடம் இதைப் பேசாமல் விட்டது கொரியா செய்த பெரிய பிழை. ஆனால் அந்தப் பொய்ப்படங்களை வைத்திருப்பதையும் பார்ப்பதையும் குற்றமாக்கும் திருத்தம் அதே ஆண்டு செப்டம்பரில், சில வாரங்களுக்குள் நிறைவேறியது. 1993இல் தொடுத்த ஒரு வழக்கு முடிய ஆறு ஆண்டு பிடித்த நாட்டில் இது நடந்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவியரின் படங்களைப் பரப்பிய கும்பலைப் பிடிக்க, காவல்துறையோடு சேர்ந்து மாதக்கணக்கில் மாறுவேடத்தில் உள்ளே இருந்தவர் வோன் உன்-ஜி; 2019இல் போட்டிக்காகத் தேடத் தொடங்கிய மாணவியர் இருவரில் ஒருவர். இன்னொருவரான பார்க் ஜி-ஹியோன் 2022இல், 26 வயதில், ஜனநாயகக் கட்சியின் இடைக்காலத் தலைவர்களில் ஒருவராகி இருந்தார்.

2023 நவம்பரில் ஜின்ஜு நகரத்தில் இரவுப் பணியில் இருந்த கடை ஊழியர் ஒருவரை, முடி கட்டையாக இருக்கிறது, நீ பெண்ணியவாதி, அடிவாங்க வேண்டியவள் என்று சொல்லி ஓர் இளைஞன் தாக்கினான். தடுக்கப் போன ஐம்பது வயதைக் கடந்த ஆணும் படுகாயமடைந்தார். தாக்கியவனுக்கு மூன்று ஆண்டுச் சிறை. 2024 அக்டோபரில் சாங்வோன் மாவட்ட நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு அந்தத் தண்டனையை உறுதிசெய்தபோது, பெண் வெறுப்பே குற்றத்தின் நோக்கம் என்று தீர்ப்பில் எழுதியது. காங்நம் கொலையில் காவல்துறை மறுத்த காரணத்தை எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெறுப்புக் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் கொரியாவில் அப்போதும் இருக்கவில்லை.